ஒன்று மட்டும் குறையும்

மலைகள் நடந்து திரிந்தன, ஆறுகள் வாய்விட்டுப் பேசின என்கிறார்களே, அவ்வளவு பழைய கதை இல்லை இது. அதற்குக் கொஞ்சம் பின்னால், ஆனால் நம் பாட்டன் பூட்டன் யாரும் பிறப்பதற்கு வெகு காலம் முன்னால், ஏழருவி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஆற்றங்கரையில் பரிசல்துறை என்று ஓர் ஊர். அந்த ஊரில் மருதாயி என்று ஒருத்தி.

மருதாயி ராஜகுமாரியும் இல்லை, பேரழகியும் இல்லை. பரிசல் ஓட்டும் செங்கோடனின் பெண்டாட்டி. ஆனால் சந்தைக்குப் போய் ஒரு பொருளைப் பார்த்து வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாடு பிடிக்கிறவர்கள், கல்யாணச் சேலை எடுக்கிறவர்கள், அண்டா குண்டா வாங்குகிறவர்கள் எல்லாரும், "மருதாயி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவள் திருப்பிப் பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். பிறகு "வாங்கு" என்பாள், இல்லையென்றால் "வை" என்பாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அப்பீலுக்குப் போகிற ஆள் ஊரில் ஒருவன்தான். அவள் புருஷன் செங்கோடன். அவள் மழை வரும் என்றால் அவன் வராது என்பான். குழம்பு நன்றாக இருக்கிறதா என்றால் உப்பு கம்மி என்பான். உழைப்பாளி, நல்லவன், எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள் உண்டு, வாக்குவாதம் இல்லாத நாள் இல்லை.

அப்படியிருக்கும்போது ஊருக்குள் ஒரு மந்திரவாதி வந்து கடை போட்டான். பெயர் சாயலன். நாமம் இல்லை, ஜடை இல்லை, மண்டையோட்டு மாலை இல்லை. பார்க்க ஜவுளி வியாபாரி மாதிரி இருந்தான். அவனிடம் ஆளுயரத்துக்கு ஒரு மாயக் கண்ணாடி இருந்தது. எந்தப் பொருளையாவது அதன் முன்னால் காட்டினால் போதும், அதே போல இன்னொன்று கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே வந்து விழும். விலை என்ன தெரியுமா? கையளவு கேழ்வரகு!

"அசலைப் போலவே இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் குறையும்" என்று சாயலன் கடை வாசலில் நின்று கூவினான். "எது குறையும் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது!"

ஊர் வாயைப் பிளந்தது. வாங்கலாமா, கூடாதா? எல்லாரும் ஓடி வந்து நின்ற இடம் மருதாயி வீட்டு வாசல்.

முதலில் வந்தவள் நாச்சக்கா. அவள் மகளுக்குக் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி பெண்ணுக்குப் போடும் நகையைத் தட்டில் வைத்துத் தெருத்தெருவாக ஊர்வலம் கொண்டுபோக வேண்டும். அதற்காக நிலத்தை விற்றவர்கள் உண்டு. நாச்சக்கா மாயக் கண்ணாடியிலிருந்து வந்த நகையைக் கொண்டுவந்து காட்டினாள். மருதாயி திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இதுல கனம் குறையுதுக்கா. தக்கையா இருக்கு. ஆனா தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போறதுக்குக் கனம் எதுக்கு? தூக்கறவளுக்குக் கைவலி மிச்சம். வாங்கு."

இரண்டாவதாக வந்தவள் ராக்கம்மா, கைக்குழந்தைக்காரி. அவள் பெரியப்பா வீட்டு நாயைக் காட்டி, அதைப் போலவே ஒரு நாய் வாங்கியிருந்தாள். நாய் வாலை ஆட்டியது, எலும்பைக் கடித்தது, முறைத்தது. குரைக்க மட்டும் மாட்டேன் என்றது.

"குரைக்காத நாயை எவளாவது வாங்குவாளா?" என்று சிரித்தாள் நாச்சக்கா.

"பிள்ளை தூங்கற வீட்டுக்கு இதைவிட நல்ல நாய் எங்க கிடைக்கும்? திருடனை முறைச்சா போதும். வாங்கு" என்றாள் மருதாயி.

மூன்றாவதாக வந்தவர் ஊர்க் கிணற்றுக்குக் கயிறு வாங்கிய பெரியதனக்காரர். கயிறு வழவழவென்று புதிதாக இருந்தது. மருதாயி ஒரு முனையை நனைத்து இழுத்தாள். அறுந்து கையோடு வந்தது.

"ஈரம் தாங்கற குணம் குறையுதுங்க. கிணத்துக்கயிறு ஈரம் தாங்கலைன்னா வேற என்னத்தைத் தாங்கும்? வைங்க. அசல் கயிறே வாங்குங்க, எவ்வளவு சொன்னாலும் வாங்குங்க."

இப்படித்தான் ஊர் பழகிக்கொண்டது. என்ன குறைகிறது என்று முதலில் பார். குறைவது உனக்கு வேண்டியதா என்று அடுத்துப் பார். வேண்டாததென்றால் போலியைத் தலைநிமிர்ந்து வாங்கு, யாருக்கும் கூச்சப்படாதே. மருதாயியின் சட்டம் அவ்வளவுதான். பந்தலுக்கு வாசனை இல்லாத பூ வாங்கினார்கள். தலைக்கு வைக்க அசல் மல்லிகை வாங்கினார்கள். ஊரும் நன்றாக இருந்தது, கடையும் நன்றாக நடந்தது.

செங்கோடனுக்குப் பொறுக்குமா? "கண்ணாடியாவது மாயமாவது! உள்ள ஆள் ஒளிஞ்சிருந்து எடுத்துக் குடுக்கறான். போய் உடைச்சுக் காட்டறேன் பாரு" என்று கிளம்பினான்.

"போகாதீங்க" என்றாள் மருதாயி.

போகாதே என்றால் போகாமல் இருக்கிறவனா அவன்? நேராகக் கடைக்குப் போனான். "உள்ள எவன்டா இருக்கறது?" என்று கண்ணாடிக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

கண்ணாடி குளம்போல ஒரு தரம் அலையடித்து அடங்கியது.

அன்று சாயங்காலம் செங்கோடன் வீட்டுக்கு வந்தான். கால் கழுவினான். உட்கார்ந்தான். மருதாயி சோறு போட்டாள்.

"குழம்பு எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு" என்றான்.

மருதாயி கரண்டியைக் கீழே வைத்தாள். "மழை வரும்போல இருக்குங்க" என்றாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"சரிதான், வரும்" என்றான்.

அவள் எழுந்து வந்து அவனைத் திருப்பிப் பார்த்தாள், தோளில் தட்டிப் பார்த்தாள், தலைமுடியை முகர்ந்து பார்த்தாள். இது அவன் இல்லை என்று புரிந்துவிட்டது. விடிந்ததும் விடியாததுமாகக் கடை வாசலில் போய் நின்றாள்.

"என் வீட்டுக்காரர் எங்க?"

சாயலன் மறைக்கவில்லை. "உள்ளே இருக்கிறான் அம்மணி. மனித முகம் உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணாடி அசலைப் பிடித்துக்கொள்ளும், போலியை அனுப்பிவைக்கும். நான் கூப்பிடவில்லை, அவனாக வந்தான். ஆனால் என் கண்ணாடிக்கும் ஒரு கட்டு உண்டு. அமாவாசைக்குள் நீ வந்து கேட்டால் உள்ளே போக வழிவிட வேண்டும். உள்ளே அவனைப் போல நூறு பேர் நிற்பார்கள். அசல் ஆளின் கையைப் பிடித்துவிட்டால் நீ கூட்டிக்கொண்டு போகலாம், போலி கரைந்துவிடும். போலியின் கையைப் பிடித்தால் நீயும் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். உன் வீட்டுக்கு ஒரு போலி மருதாயி போவாள்."

"அமாவாசை தாண்டிட்டா?"

"கரைந்து கண்ணாடியோடு கண்ணாடி ஆகிவிடுவான்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒன்று சொல்லட்டுமா? நீதானே ஊருக்கெல்லாம் சொல்கிறாய், குறைவது வேண்டாததென்றால் போலியே போதும் என்று. வீட்டில் இருப்பவனிடம் என்ன குறைகிறது, யோசித்துப் பார்!"

மருதாயி வீட்டுக்கு வந்தாள். யோசித்துப் பார்த்தாள். போலிச் செங்கோடன் விறகு பிளந்தான், தண்ணீர் இறைத்தான், பரிசல் ஓட்டினான், சம்பாதித்ததைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பாட்டுக்கூடப் பாடினான். குறைந்தது சண்டை ஒன்றுதான்.

சண்டை யாருக்கு வேண்டும்?

உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா, அவளுக்கு அந்த நாட்கள் இனிக்கத்தான் செய்தன. சொன்ன சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. இழுத்த இடத்துக்கு வந்தான். நாச்சக்கா மூக்கில் விரலை வைத்தாள். "உனக்கு அடிச்ச யோகம் எவளுக்கு அடிக்கும்? என் வீட்டுக்காரரையும் ஒரு நாள் அந்தக் கண்ணாடிகிட்ட அனுப்பலாம்னு பாக்கறேன்" என்றாள். மருதாயி சிரித்தாள். சிரித்துவிட்டு, தனியாக இருக்கும்போது, கண்ணாடிக்குள் நிற்கிறவனை நினைத்துக்கொண்டாள்.  ஆனாலும், குறைவது வேண்டாததுதானே என்று தன் சட்டத்தைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆறு இரண்டு கரையும் தொட்டுப் புரண்டு ஓடியது. அக்கரைக் கோயிலுக்குப் போக ஊரே துறையில் கூடி நின்றது. முளைப்பாரி தூக்கிய பெண்கள், மஞ்சள் கயிறு கட்டிய புதுப்பெண்கள், கட்டுச்சோற்று மூட்டைகள். போலிச் செங்கோடன் பரிசலோடு நின்றான்.

"நாங்க ஏறிக்கலாமா?"

"சரி."

"எங்க சம்பந்தி வீடும் ஏறிக்கலாமா?"

"சரி."

"ஆடு ஒண்ணு இருக்கு, நேர்ந்துக்கிட்டது."

"சரி."

கைக்குழந்தையோடு ராக்கம்மா ஏறினாள். பெரியதனக்காரர் ஏறினார். பரிசலின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. கரையில் நின்ற மருதாயி தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள்.

"போதும்னு சொல்லுங்க!" என்று கத்தினாள்.

"சரி" என்றான் அவன், அவளைப் பார்த்து.

"இன்னும் ஒரே ஒருத்தன்" என்றான் கரையிலிருந்த ஒருவன்.

"சரி" என்றான், அவனையும் பார்த்து.

பரிசல் கரையை விட்டு நகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, கவிழ்ந்தது. நல்லவேளை, இடுப்பளவு ஆழம்தான். ஆனால் ஆடி வெள்ளத்துக்கு இடுப்பளவு போதாதா? சோற்று மூட்டை போனது, முளைப்பாரி போனது, ராக்கம்மாவின் பிடி நழுவியது. மருதாயி எப்படிக் குதித்தாள், எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தையின் அரைஞாண் கயிறு அவள் விரலில் மாட்டியிருந்தது. குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது.

போலிச் செங்கோடன் நனைந்துபோய் நின்றான். "மறுபடி ஏத்தட்டுமா?" என்று எவனோ கேட்டதற்கு, "சரி" என்றான்.

மருதாயி கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நான் தப்பாப் பாத்துட்டேன்! சண்டை குறையுதுன்னு நினைச்சேனே. இவன்கிட்ட 'முடியாது'ங்கற வார்த்தையே இல்லையே! அவர் இத்தனை வருஷமா எத்தனை பேரை இறங்கு இறங்குன்னு திட்டி இறக்கிவிட்டாரு, எத்தனை பேர் அவரைச் சபிச்சாங்க. அதனாலதானே இந்தத் துறையில ஒரு உயிர் போகல!" உலகத்துக்கெல்லாம் பொருள் பார்த்துக் கொடுத்தவள், தன் வீட்டுச் சரக்கில் ஏமாந்துபோனாள். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது, எல்லாவற்றையும்விட அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் அமாவாசை. உச்சி வெயிலில் அவள் போலியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். வழியில் நின்று அவனைப் பார்த்தாள்.

"நான் அவரைக் கூட்டிட்டு வந்துட்டா, நீங்க கரைஞ்சு போயிடுவீங்க. வர்றீங்களா?"

"சரி" என்றான் அவன்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து நின்றுவிட அவளால் முடியவில்லை.

"பொறுக்கி எடுக்க வந்திருக்கேன்" என்றாள் சாயலனிடம்.

"ஊருக்கே பொருள் பார்க்கிறவள் நீ. இவ்வளவு நல்ல சரக்கையா திருப்பித் தருகிறாய்?"

"திருப்பித் தரத்தான் வந்தேன். வழியை விடுங்க."

சாயலன் முகம் கறுத்தது. "போ. ஆனால் ஒன்று. 'நான்தான்' என்று அவன் தன்னைக் காட்டிக்கொடுத்தால், கையை அசைத்தால், கண்ணைச் சிமிட்டினால், அந்த இடத்திலேயே கல்லாகிவிடுவான். அவனுக்கும் அது தெரியும்."

மருதாயி கண்ணாடிக்குள் காலை வைத்தாள். உள்ளே பெரிய கூடம். கூடம் நிறையச் செங்கோடன்கள்! அதே தலைப்பாகை, அதே காப்புக்காய்த்த கை, அதே தழும்பு. திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை.  பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"எங்க அண்ணன் மாதிரி நீச்சல்காரன் இந்த நாட்டுலயே கிடையாது" என்றாள் உரக்க.

"சரிதான்" என்றது கூடம் முழுவதும். அவள் அண்ணன் முழங்கால் தண்ணீருக்கே அலறுகிறவன். ஆனால் எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்து வந்ததில், எவன் சொன்னான், எவன் வாயை இறுக்கிக்கொண்டான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நம்ம கல்யாணத்துல எங்க வீட்டு விருந்துதான் உசத்தி, உங்க வீட்டு விருந்து வாயில வைக்க விளங்கல" என்றாள்.

"சரிதான்" என்றது கூடம். எங்கோ ஒரு மூலையில் யாரோ பல்லைக் கடிப்பது போலிருந்தது. எந்த மூலை?

சாயலன் வெளியில் நின்று சிரித்தான். மருதாயி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சரி, நான் போறேன். இனிமே பரிசலை நானே ஓட்டிக்கறேன். என்ன பெரிய வித்தை? இந்த வெள்ளத்துல யானைப்பாறைப் பக்கமா குறுக்கால நேரா விட்டா, சட்டுனு அக்கரை போயிடலாம். நாளைக்கே விடப்போறேன்!"

"சரிதான்" என்று தொடங்கிய கூடத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"அடி ஏ புள்ள! கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? யானைப்பாறைச் சுழிக்கு நேரா எவளாச்சும் பரிசல் விடுவாளா? பொணங்கூடக் கிடைக்காது! மேலேறிப் போயி, கரையோரமா இழுத்து, அப்புறந்தான் திருப்பணும். நீ துடுப்பைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன். தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது!"

அண்ணன் பெருமையைப் பொறுத்துக்கொண்டான், விருந்துப் பெருமையைப் பொறுத்துக்கொண்டான். அவள் செத்துப்போவாள் என்றதும் அவனால் பொறுக்க முடியவில்லை. மருதாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏமாற்று!" என்று அலறினான் சாயலன். "அவன் காட்டிக்கொடுத்தான்! கல்லாக வேண்டும்!"

"எங்க காட்டிக்குடுத்தாரு? நான்தான்னு சொன்னாரா? கை காட்டினாரா? நான் சொன்னது தப்புன்னு சொன்னாரு. அது அவர் தினமும் சொல்றதுதான்" என்றாள் மருதாயி.

கட்டு கட்டுதானே, கண்ணாடி சும்மா இருக்குமா? கூடத்திலிருந்த செங்கோடன்கள் எல்லாரும் தண்ணீரில் விழுந்த உப்பாகக் கரைந்தார்கள். வாசலில் நின்ற போலியும் கரைந்தான். அதோடு, அதற்கு முன்னால் மாட்டி, கண்ணாடியோடு கண்ணாடியாகக் கரைந்து கிடந்த மனிதர்கள் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தலைநகரத்து மந்திரியும் வந்தார்! அவர் எப்போது மாட்டினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த போலி, ராஜா சொன்னதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அரண்மனையில் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஊரார் கல்லைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியை உடைக்க வந்தார்கள். மருதாயி குறுக்கே நின்றாள்.

"எதுக்கு உடைக்கணும்? ராக்கம்மாவுக்கு அந்த நாய் போதும். ஏழைபாழைங்க கல்யாணத்துக்கு அந்த நகை போதும். பொருளைக் காட்டட்டும், ஆளைக் காட்டக் கூடாது. இவர் சத்தியம் பண்ணட்டும். விக்கறதுக்கு முன்னால என்ன குறையுதுன்னு நாலு பேர் நடுவுல சோதிச்சுச் சொல்லட்டும். அப்புறம் வாங்கறவங்க பாடு."

சாயலன் அக்கினியைத் தொட்டுச் சத்தியம் செய்தான். செய்யாமல் என்ன செய்வான், சுற்றிலும் கல்லோடு நிற்கிறார்களே!

சேதி ராஜா மணிமுடிராயரின் காதுக்குப் போயிற்று. அவர் பரிவாரத்தோடு அக்கரைக்கு வந்து இறங்கினார். மருதாயிக்கும் செங்கோடனுக்கும் கொடுப்பதற்கு ஒரு பெட்டி நிறையப் பொன், எல்லாம் அசல் பொன், கொண்டுவந்திருந்தார். செங்கோடன் பரிசலை எடுத்துக்கொண்டு போனான். மருதாயியும் கூடப் போனாள்.

ராஜா ஏறினார். மந்திரி ஏறினார். குடை பிடிக்கிறவன் ஏறினான். இரண்டு பேர் பொன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வந்தார்கள்.

"முடியாதுங்க ராசா" என்றான் செங்கோடன். "பாரம் அதிகம். பெட்டியை இறக்கணும்."

 மந்திரி பதறினார். "டேய், யாரிடம் பேசுகிறாய்? பெட்டி உனக்குத்தானடா!"

"யாருக்கா இருந்தாலும் பாரம் பாரம்தாங்க. பெட்டி இறங்கணும், இல்லைன்னா நீங்க இறங்கணும்."

ராஜாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. பிறகு அந்த மீசைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கச் சிரிப்பு. "பெட்டி அடுத்த நடையில் வரட்டும்" என்றார். "என்னிடம் ஒருவன் முடியாது என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று, மந்திரி?"

"வெகு காலம் ஆயிற்று ராஜா, சரியாகச் சொன்னீர்கள்" என்றார் மந்திரி. அவர் அசல் மந்திரிதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசல் கரையோரமாகவே மேலே ஏறிப் போய், பிறகு மெல்லத் திரும்பியது. ராஜா செங்கோடனைப் பார்த்தார். "நீ மாதம் ஒரு தடவை அரண்மனைக்கு வந்து என்னிடம் இப்படிப் பேச வேண்டும். வருவாயா?"

"முடியாதுங்க. இங்க வேலை கிடக்கு. கேக்கணும்னா நீங்கதான் வரணும்."

மருதாயி முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் வேறென்ன செய்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்து ஜோரா அடிக்குது. மழை வரும்போல இருக்குங்க" என்றாள்.

"வராது" என்றான் செங்கோடன்.

ராஜா மாதம் தவறாமல் வந்தார், முடியாது என்பதைக் கேட்டுவிட்டுப் போனார், நாடு செழித்தது. அவர்கள் அக்கரையில் நலம், நாம் இக்கரையில் நலம், நடுவில் ஓடுகிற ஆறும் நலம்.